முதுகுப்பையோடு முதல் தடவை நேபாளம்: 22,000 ரூபாய்க்குள் போய்வரும் வழி

டில்லி விமான நிலையத்தில், காத்மாண்டு விமானத்துக்கான கவுன்டரில் நின்றுகொண்டு ஆதார் அட்டையை நீட்டியவன் நான். "இது செல்லாது சார், பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை கொடுங்கள்" என்றார்கள். இரண்டும் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தன. டிக்கெட் காசு போனது, விடுப்பும் போனது. ஆறு மாதம் கழித்து ரயிலிலும் பஸ்ஸிலும் தரை வழியாகப் போனேன். அந்தப் பயணத்திலும் சில இடங்களில் இடறினேன். அடுத்துப் போகிறவர் அதே இடங்களில் இடறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். சென்னையில் கிளம்பி கோரக்பூர், சுனௌலி எல்லை, லும்பினி, போக்ரா, பூன் ஹில் மலையேற்றம், அதே வழியில் திரும்புதல் என்பது திட்டம். காத்மாண்டு இதில் இல்லை. அதையும் சேர்த்தால் இன்னும் மூன்று நாளும் ஐந்தாயிரம் ரூபாயும் கூடுதலாக வேண்டும்.

1. படிப்பதை முதலில் சலித்தெடுங்கள்

நேபாளம் பற்றிய குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. முக்கால்வாசி உங்களுக்கானவை அல்ல. ஐரோப்பாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ போனவர்கள், தங்களைப் போன்றவர்களுக்காக எழுதியவை. அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் கட்டணமும் காகிதமும் வேறு, நம்முடையவை வேறு.

நான் வைத்துக்கொண்ட சல்லடை இதுதான். "15 நாள் விசாவுக்கு 30 டாலர்" என்ற வரி கண்ணில் பட்டால், எழுதியவர் இந்தியர் அல்ல. நமக்கு விசாவே கிடையாது. பூன் ஹில் இருக்கும் அன்னபூர்ணா பகுதிக்கு அனுமதிக் கட்டணம் 3,000 நேபாள ரூபாய் என்று இருந்தாலும் அப்படியே. இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு அது 1,000. இப்படிப்பட்டவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். பாதை, மலை ஏற்றம், எந்த ஊரில் தங்குவது, எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில்தான் நன்றாக இருக்கும். பணத்தையும் ஆவணத்தையும் மட்டும் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்து, எழுதிய காலம். "வழிகாட்டி தேவையில்லை, தனியாகவே நடக்கலாம்" என்று அடித்துச் சொன்னால் அது 2023 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்கக் கூடும். அந்த மாதம்தான் வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம் என்ற விதி வந்தது. "இந்திய யுபிஐ அங்கே வேலை செய்யாது" என்றிருந்தால் அது 2024 மார்ச்சுக்கு முந்தையது. பதிவின் மேலே போட்டிருக்கும் தேதியை நம்பாதீர்கள். பழைய குறிப்பின் தலையில் புதுத் தேதி ஒட்டுவது சர்வ சாதாரணம்.

நம்மவர்கள் எடுக்கும் தமிழ் வீடியோக்களில் பெரும்பாலானவை பைக் அல்லது கார் பயணங்கள். வண்டிக்கு எல்லையில் 'பன்சார்' எனும் சுங்கச் சீட்டு எடுப்பதைப் பற்றியே அரை மணி நேரம் ஓடும். பஸ்ஸில் போகிறவருக்கு அது வேண்டாத பாடம். என் அனுபவத்தில் நல்ல குறிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: என்ன செலவானது, எங்கே ஏமாந்தேன், எந்த பஸ் வரவில்லை என்று எழுதியவர் சொல்லியிருப்பார். எல்லாமே அழகு, எல்லாமே அற்புதம் என்று போகிற எழுத்தில் பஸ் நேரம் இருக்காது.

2. ஆவணங்கள்

பாஸ்போர்ட், அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அடையாள அட்டை. இந்த இரண்டில் ஒன்று, அசலாக, கையில். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் மூன்றும் பெரியவர்களுக்குச் செல்லாது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் இருப்பவர்களுக்கு மட்டும் படம் உள்ள மற்ற அட்டைகளில் சலுகை உண்டு.

தரை வழி எல்லையில் பல சமயம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதை நம்பி ஆதாரோடு போகாதீர்கள். எல்லையைத் தாண்டிய பிறகுதான் காகிதம் தேவைப்படும்: சிம் வாங்க, விடுதியில் பதிய, மலையேற்ற அனுமதி எடுக்க. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். அனுமதி அலுவலகத்தில் அதைக் காட்டினால் கேள்வி குறைவு.

நம் ஊர்ப் பெயர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். வாக்காளர் அட்டையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும், அப்பா பெயர் தனி வரியில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து உங்கள் பெயரோடு சேர்ந்திருக்கும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லா டிக்கெட்டிலும் சீட்டிலும் பெயர் எழுதுங்கள். பாதி இதில், பாதி அதில் என்றால் கவுன்டரில் கதை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு, அட்டை நகல் நான்கு. ஊரிலேயே எடுத்துக்கொண்டால் செலவு சொற்பம். போக்ராவில் கடை தேடி அரை நாள் அலைந்தவன் சொல்கிறேன்.

3. எப்போது போவது

வானம் தெளிந்திருப்பது அக்டோபர், நவம்பரிலும், அப்புறம் மார்ச், ஏப்ரலிலும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலைச்சாலைகளில் மண் சரியும், பஸ்கள் மணிக்கணக்கில் நிற்கும்.

அக்டோபரில் ஒரு பொறி இருக்கிறது. ஆயுத பூஜையோ தீபாவளியோ நீண்ட விடுமுறையாக வந்தால் அதில் போய்விட்டு வரலாம் என்று நமக்குத் தோன்றும். நம் நவராத்திரி நாட்கள்தான் அங்கே தசைன், நம் தீபாவளி நாட்கள்தான் திஹார். நேபாளத்தின் பெரிய பண்டிகைகள் இவை. பாதி நாடு சொந்த ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் கிடைக்காது. விஜயதசமியன்று பஸ்ஸே அபூர்வம், கடைகளும் அலுவலகங்களும் பூட்டு. தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய்ச் சேருங்கள். கூட்டம் குறைந்திருக்கும், மலை பளிச்சென்று தெரியும்.

வார விடுமுறை அங்கே சனிக்கிழமை. அனுமதிச் சீட்டு வேலையைச் சனியன்று வைக்காதீர்கள்.

4. கோரக்பூர் வரை

கேரளத்திலிருந்து தமிழ்நாட்டின் வழியாக கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்கள் ஓடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். திறந்த அன்றே போகவும் வரவும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்வரும் வண்டி என்பதால் ஸ்லீப்பர் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தட்கல் என்றால் முந்தைய நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணி.

இரண்டு பகல், இரண்டு இரவு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதமாவதும் வழக்கம்தான். அதனால் எல்லைக்கு அன்றைக்கே ஓடாமல், ஒரு இரவு கோரக்பூரில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவது நல்லது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஏஜெண்டுகள் சூழ்ந்துகொள்வார்கள். "போக்ராவரை ஒரே டிக்கெட், ஏசி பஸ், எல்லை வேலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். வாங்காதீர்கள். உங்களை எல்லைவரை சாதாரண பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பக்கம் அந்தச் சீட்டை யாரும் சீண்ட மாட்டார்கள். நான் 900 ரூபாய் கொடுத்து இதைக் கற்றுக்கொண்டேன். சுனௌலி சுமார் நூறு கிலோமீட்டர். நிலையத்துக்கு அருகிலேயே பஸ் கிடைக்கும், மூன்று மணி நேரம், இருநூறு ரூபாய்க்குள். நேபாளத்து பஸ்ஸுக்கு நேபாளத்தில் டிக்கெட் எடுங்கள்.

5. எல்லையும் பணமும்

சுனௌலியில் ஒரு நுழைவு வளைவைக் கடந்து நடந்தால் நேபாளம். நமக்கு முத்திரை கிடையாது, படிவம் கிடையாது. முதல் தடவை போகும்போது எதையோ தவறவிட்டோமோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். கடந்ததும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். போனில் நேபாள சிம் போடும்வரை அது இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஏழு மணி பஸ் உங்கள் போனில் 6.45-க்குக் கிளம்பிவிடும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

1993 முதல் மதிப்பு மாறாமல் நிற்கிறது: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். எல்லைப்புறக் கடைகளிலும் பஸ்களிலும் நம் பணத்தையே வாங்கிக்கொள்வார்கள். அங்கே இந்தியப் பணம் 'ஐசி', நேபாளப் பணம் 'என்சி'. யார் எந்த விலையைச் சொன்னாலும் உங்கள் முதல் கேள்வி "ஐசியா, என்சியா?" என்பதாக இருக்கட்டும். அறை 800 என்பார். நீங்கள் நேபாளப் பணம் என்று நினைத்துத் தலையாட்டுவீர்கள். காலையில் 800 ஐசி என்பார். அது 1,280 என்சி. நேபாளப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதிலேயே பேசினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

நோட்டு விஷயம்: 100 ரூபாய் நோட்டாகவே எடுத்துப் போங்கள். நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு 2018 இறுதியில் நேபாளம் தடை போட்டது. அதைத் தளர்த்துவது பற்றிய அறிவிப்புகள் எப்படி இருந்தாலும், மலையோரக் கடைக்காரர் 500 ரூபாய் நோட்டைப் பார்த்துத் தயங்கினால் அவரிடம் அரசாணையைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. கிளம்புவதற்கு முன் வங்கியில் ஒரு கட்டு நூறு கேட்டு வாங்குங்கள்.

யுபிஐ: 2024 மார்ச் முதல் 'போன்பே' எனும் நேபாளக் கட்டமைப்பின் க்யூஆர் அட்டையில் நம் செயலிகளில் பணம் கட்டலாம். பெயர் காதில் ஒன்றுபோலக் கேட்டாலும் இது நம் ஊர்ச் செயலி அல்ல, வேறு நிறுவனம். ஊரிலேயே செயலிக்குள் போய் வெளிநாட்டு யுபிஐ-யை இயக்கி வையுங்கள். அதைவிட முக்கியம், இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். கழற்றினால் செயலி மீண்டும் பதிவு கேட்கும், அதற்கான குறுஞ்செய்தி போகாது, கதை முடிந்தது. இந்திய சிம் ஒரு பக்கம், நேபாள சிம் மறுபக்கம். மலையில் க்யூஆரை நம்பாதீர்கள். சிக்னல் இருந்தால்தான் அது.

ஏடிஎம் கடைசி வழி. ஒவ்வொரு தடவைக்கும் அங்கத்து வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நம் வங்கி இன்னொன்று. கார்டில் 'இந்தியா, நேபாளத்தில் மட்டும் செல்லும்' என்று அச்சிட்டிருந்தாலும், வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

சிம் வாங்க அட்டை நகலும் ஒரு படமும் போதும். ஊர்களில் என்செல் நிறுவனத்தின் சிக்னல் நன்றாக எடுக்கும். மலையேறப் போவதால் நேபாள் டெலிகாம் வாங்குங்கள்.

6. லும்பினி வழியாக போக்ரா

எல்லையிலிருந்து பைரஹவா நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து லும்பினி இருபது கிலோமீட்டர் சொச்சம், உள்ளூர் பஸ் உண்டு. இரண்டு நாள் ரயிலில் வந்த உடம்போடு அன்றே மலைச்சாலை பஸ் ஏறாமல் லும்பினியில் ஒரு இரவு தங்குங்கள். பல நாட்டு புத்த மடங்கள் இருக்கின்றன. கொரிய மடத்தில் சிறு தொகைக்குப் படுக்கையும் சாப்பாடும் தருகிறார்கள். காலையில் அமைதியாக இருக்கும். சாப்பிட்ட தட்டை நாமே கழுவி வைக்க வேண்டும்.

பைரஹவாவிலிருந்து போக்ராவுக்கு பஸ் காலையிலேயே எடுங்கள். சுமார் 180 கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு ஒன்பது மணி நேரம். தூரத்தைப் பார்த்து, நம் ஊர் நெடுஞ்சாலைக் கணக்கில் நான்கு மணி நேரம் என்று போட்டேன். இரவு ஒன்பதுக்குத்தான் விடுதி கிடைத்தது.

பஸ் சீட்டில் தேதியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே விக்ரம ஆண்டு, நம் ஆண்டைவிட 56, 57 கூடுதல். மாதமும் அவர்கள் மாதம். இதற்கு நம்மிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது, வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்: அவர்களுடைய மாதமும் நம் தமிழ் மாதமும் ஏறக்குறைய ஒரே நாளில் பிறக்கின்றன, பெயர்தான் ஒரு மாதம் தள்ளி. அவர்களுடைய வைசாகம் நம் சித்திரை, அவர்களுடைய கார்த்திக் நம் ஐப்பசி. சீட்டில் கார்த்திக் 20 என்றிருந்தால் போனில் தமிழ் நாட்காட்டியைத் திறந்து ஐப்பசி 20 பாருங்கள். ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அதனால் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்யுங்கள்.

7. போக்ராவில் ஒரு நாள்: சீட்டும் ஸ்வெட்டரும்

ஏரிக்கரைப் பகுதியில், பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை 500 முதல் 800 என்சி. முதல் இரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, மறுநாள் நேரில் நடந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதி சார்க் நாட்டவருக்கு 1,000 என்சி. மலையேறுபவருக்கான பதிவு அட்டை இன்னொரு 1,000. அனுமதியை போக்ராவில் சுற்றுலா வாரியத்தின் அலுவலகத்திலேயே எடுக்கலாம், பதிவு அட்டை மட்டும் பதிவுபெற்ற மலையேற்ற நிறுவனம் வழியாகத்தான். அனுமதிக்கு பாஸ்போர்ட், நகல், இரண்டு படம், காசு, அவ்வளவுதான். "நான் இந்தியன், சார்க் கட்டணம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் போய்ச் சோதனைச் சாவடியில் மாட்டினால் இரட்டிப்புக் கட்டணம். வழிகாட்டி விதி நீங்கள் நடக்கப் போகும் பாதைக்கு அன்றைய தேதியில் எப்படி என்பதையும் அதே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். விடுதிக்காரரிடம் கேட்காதீர்கள், அவருக்கு ஒரு மச்சான் வழிகாட்டியாக இருப்பார்.

நான் விடுதியில் அறிமுகமான இரண்டு பேரோடு சேர்ந்து ஒருவரை அமர்த்தினேன். நாளைக்கு 3,000 என்சி, மூன்றாகப் பங்கிட்டோம். அவருடைய சாப்பாடும் தங்கலும் அந்தத் தொகைக்குள்ளா, தனியா என்பதை முதலிலேயே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் உடைக்கு ஊரில் காசைக் கொட்ட வேண்டாம். இறகு ஜாக்கெட், தூக்கப்பை எல்லாம் ஏரிக்கரைக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும், நாளைக்கு நூறு இருநூறு என்சி. காலைக் கடிக்காத, பழகிய ஷூ மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். புது ஷூவோடு போன ஒருவர் இரண்டாம் நாள் ரப்பர் செருப்பில் நடந்ததைப் பார்த்தேன்.

8. பூன் ஹில், நான்கு நாள்

முதல் தடவைக்கு அன்னபூர்ணா அடிவார முகாம் வேண்டாம். அது 4,130 மீட்டர், நாளும் அதிகம். பூன் ஹில் 3,210 மீட்டர். முதல் நாள் ஜீப்பில் போய் உல்லேரிவரை ஏறுங்கள். கல் படிக்கட்டு, ஆயிரக்கணக்கில். பழனி யானைப் பாதை என்று நினைத்துப் போனேன், பழனிப் படிகளை நான்கு தடவை ஏறியது போலிருந்தது. இரண்டாம் நாள் கோரேபானி, 2,860 மீட்டர். மூன்றாம் நாள் இருட்டிலேயே எழுந்து பூன் ஹில். தவளகிரியிலும் தெற்கு அன்னபூர்ணாவிலும் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு தாடாபானிக்கு நடை. நான்காம் நாள் காந்த்ருக், அங்கிருந்து ஜீப்பில் போக்ரா.

மலை விடுதிகளில் அறை வாடகை மலிவு, ஏனென்றால் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்பது கணக்கு. வெளியே சாப்பிட்டால் வாடகை ஏறும், முகமும் மாறும். வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை தனித்தனிக் காசு. ஒரு பவர் பேங்க் இருந்தால் நிறைய மிச்சம். மேலே போகப் போக விலை கூடும். எல்லாம் மனிதர் முதுகிலும் கோவேறு கழுதையிலும் வருவது, பேரம் பேசாதீர்கள்.

சாப்பிட வேண்டியது தால் பாத். சோறு, பருப்பு, காய், ஊறுகாய். கேட்கக் கேட்க வைப்பார்கள், நம் ஊர் அன்லிமிடெட் மீல்ஸ் போலவே. பீட்சாவும் மேகியும் ஒரு தடவைதான், விலையும் கூடுதல். தண்ணீர் பாட்டில் வாங்காமல் குளோரின் மாத்திரை எடுத்துப் போங்கள்.

9. செலவுக் கணக்கு

என் நோட்டில் இருந்தது இது. நேபாளத்தில் ஒன்பது நாள்.

ரயில் ஸ்லீப்பர் போகவர 1,900, வழிச் சாப்பாடு 1,500, கோரக்பூர் அறை 700, சுனௌலி பஸ் போகவர 350: இந்தியப் பக்கம் 4,450 ரூபாய்.

நேபாளத்தில், நேபாளப் பணத்தில்: போக்ரா பஸ் போகவர 2,000, மலையில் நான்கு நாள் 9,200, மற்ற ஐந்து நாள் 8,000, அனுமதிகள் 2,000, வழிகாட்டியில் என் பங்கு 4,000, ஜீப் 1,500, வாடகை ஜாக்கெட் 600, சிம் 500. மொத்தம் 27,800, அதாவது நம் பணத்தில் 17,375.

கூட்டினால் 21,825. கோரக்பூர் ஏஜெண்டிடம் விட்ட 900-ஐ இதில் சேர்க்கவில்லை.

கையில் தனியாக ஐந்தாயிரம் வைத்திருங்கள், நாளிலும் ஒன்றை உதிரியாக விடுங்கள். ரயில் பிடிக்க வேண்டிய நாளில் போக்ராவிலிருந்து கிளம்பாதீர்கள். வழியில் ஒரு மண்சரிவு போதும். தட்கல் கிடைக்காமல் கோரக்பூர் நடைமேடையில் இரண்டு இரவு கழிக்க நேரிடும்.

திரும்பும்போது மீதி நேபாளப் பணத்தை எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், சென்னையில் அதை வாங்குவார் இல்லை. நான் மறந்துபோய்க் கொண்டுவந்த 340 என்சி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.